தேன்கூடும் இலைக்கூடும்: தனித்து வாழும் தேனீயொன்றின் இயற்கை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

மனிதர் தமது சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்ட காலந்தொட்டுத் தேனீயை உவமையாகக் கையாண்டு வந்துள்ளனர். உரோமக் கவிஞரான வேர்ஜில், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே வேளாண்மையைப் பொருளாகக் கொண்டு இயற்றிய ‘ஜோர்ஜிக்ஸ்’ என்னும் காவியத்தின் நான்காம் பகுதியில், தேனீக்களை மன்னனுக்கு அடங்கி வாழும் குடிகளாகச் சித்திரித்தார். 1609ஆம் ஆண்டிலே சாள்ஸ் பட்லர் என்னும் ஆங்கில மதகுரு, கூட்டின் தலைமை ஆணன்று, பெண்ணே என வலியுறுத்தி நூலொன்றை வெளியிட்டார். எனினும் கூடு ஓர் அரசு என்ற கருத்து மாறவில்லை. அரசன் போய் அரசி வந்தாள், அவ்வளவே. 1714ஆம் ஆண்டிலே பேர்னாட் மான்டவில் ‘தேனீக்களின் கதை’யை வெளியிட்டபோது, கூடானது இலாபமும் ஆடம்பரமும் தனிமனிதரின் பேராசையும் சேர்ந்து செழிப்பை உண்டாக்கும் வணிக சமுதாயமாக மாறிவிட்டது. பேரரசின் கவிஞர், முடியாட்சியின் மதகுரு, தோன்றிவரும் முதலாளித்துவத்தின் அங்கதக்காரர் ஆகிய மூவரும் நோக்கியது ஒரே பூச்சியை. கண்டது அவரவர் சமுதாயத்தை.

இவ்வரிசையிலே வேறொரு வகையில் இடம்பெறுபவர் கார்ல் மார்க்ஸ். 1867ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிலே உழைப்பின் இயல்பை ஆராயுமிடத்து அவர் தேனீயை எடுத்துக்காட்டுகின்றார். தேனீ கட்டும் அறைகள் கட்டடக் கலைஞர் பலரை வெட்கமுறச் செய்யக்கூடியன என்பதை ஒப்புக்கொள்ளும் அவர், மிகத் திறமை குன்றிய கலைஞனும்கூடக் கட்டடத்தை முதலிலே தன் மனத்தில் எழுப்பிக்கொள்கிறான் என்பதனையே வேறுபாடாகச் சுட்டுகின்றார். இலக்கிய ஆய்விலும் அழகியலிலும் இக்கூற்று அடிக்கடி மேற்கோளாக எடுத்தாளப்படுவது. ஆயின் அதனை எடுத்தாளும் நம்மிற் பெரும்பாலோர் தேனீ உண்மையில் என்ன செய்கின்றது எனக் கேட்பதில்லை.

மேற்கூறிய அனைவரும் பேசியது தேன்கூடு கட்டிப் பெருந்திரளாக வாழும் தேனீயைப் பற்றியே என்பது மனங்கொள்ளத்தக்கது. உலகிலே இதுவரை ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வனவல்ல. அவற்றுக்கு அரசியும் இல்லை, தொழிலாளரும் இல்லை, சேமித்து வைக்கும் தேனும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனித்தே கூடமைத்து, தனித்தே உணவு சேர்த்து, முட்டையிட்டு இறந்துபோகின்றது. விதிவிலக்கான சில இனங்களைத் தேனீயின் பொது இயல்பெனக் கொண்டு, அதிலிருந்து சமுதாய விதிகளை வருவித்த வரலாறே மேலே நாம் கண்டது. இக்கட்டுரை, தனித்து வாழும் அத்தகைய தேனீ இனமொன்றின் வாழ்க்கையையும், அதனை மனிதர் அறிந்துகொண்ட வகையையும் எடுத்துக்கூறி, அவ்வறிவு நமது சிந்தனைக்கு யாது பயன் தரும் என்பதை ஆராய முற்படுகின்றது.

2

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் இனம் பிரித்தானியாவையும் ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட ‘மெகாகைலே வில்லுபியெல்லா’ என்பதாகும். மெகாகைலே என்னும் சாதிப்பெயர் ‘பேருதடு உடையது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. இச்சாதியிலே ஏறத்தாழ 1,500 இனங்கள் உலகெங்கணும் உள்ளன. நமது நாட்டிலும் இச்சாதியைச் சேர்ந்த இனங்கள் வாழ்கின்றன. வீட்டு முற்றத்து ரோசாச் செடியின் இலை விளிம்பிலே, வட்டமாகக் கத்தரித்து எடுத்தாற்போன்ற வெட்டுக்களைக் கண்டு, புழு தின்றதென்று நாம் எண்ணிக் கடந்திருப்போம். புழு தின்ற இலையின் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும். இவ்வெட்டோ கூர்மையானது, வளைவு பிசகாதது. அது இலைவெட்டித் தேனீயின் வேலையாக இருத்தல் கூடும்.

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல சொற்கள் நமது பழந்தமிழிலக்கியத்திலே பயின்று வருவன. நிகண்டுகள் அவற்றை ஒருபொருட் சொற்களாகவே தொகுத்துத் தந்தன. ஆதலின் இன்று தனித்தனி இனங்களைச் சுட்டுதற்கு அவற்றைக் கொள்ளுதல் இயலாதுள்ளது. இக்கட்டுரையில் ‘இலைவெட்டித் தேனீ’ என்னும் விளக்கப் பெயரையே கையாளுகின்றேன்.

வில்லுபியெல்லாவின் பெண் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் நீளமுடையது. கபில நிற மயிர் போர்த்த உறுதியான உடலது. தேன்கூட்டுத் தேனீ மகரந்தத்தைப் பின்னங்கால்களிலுள்ள கூடை போன்ற உறுப்பிலே சுமந்து செல்ல, இதுவோ வயிற்றின் அடிப்புறத்திலுள்ள செம்மஞ்சள் நிறமான அடர்ந்த தூரிகை மயிர்களிலே சுமந்து செல்கின்றது. ஆணின் முன்னங்கால்கள் விசித்திரமானவை. அவற்றின் நுனிப்பகுதி அகன்று, வெண்மையான மயிர்க்கரையுடன் கையுறை அணிந்தாற்போலத் தோன்றும். புணர்ச்சியின்போது ஆண் இக்கால்களாற் பெண்ணின் கண்களை மூடிக்கொள்கின்றது.

இவை வெளிப்படும் காலம் ஐரோப்பியக் கோடைகாலமாகும். பெரும்பாலும் யூன் முதல் ஓகஸ்ற் வரை. ஆண்கள் முதலில் வெளிவருகின்றன. சில நாட்களின் பின்னர் பெண்கள் வருகின்றன. புணர்ச்சி முடிந்ததும் பெண் கூடமைக்க இடந்தேடும். உக்கிய மரம், குறிப்பாகப் பழைய வில்லோ மரத்தின் மெதுவான உட்பகுதி, இவ்வினத்துக்கு உவப்பானது. அங்கே தானே சுரங்கம் அகழ்வதும் உண்டு. முன்னரே உள்ள துளைகளைப் பயன்படுத்துவதும் உண்டு. மண்ணிலும், பூச்சாடிகளிலுள்ள மண்ணிலும்கூடக் கூடுகள் காணப்பட்டுள்ளன.

அடுத்து இலை வெட்டும் பணி தொடங்கும். ரோசா, பேர்ச் முதலிய தாவரங்களின் மெல்லிய இலைகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. தேனீ இலையின் விளிம்பிலே அமர்ந்து, விளிம்பைக் கால்களுக்கிடையிற் பற்றிக்கொண்டு, தாடைகளாற் கத்தரிக்கோல்போல வெட்டிச் செல்லும். சில விநாடிகளிலே துண்டு அறுபடும். அறுபடும் கணத்திலே தானும் கீழே விழுந்துவிடாதவாறு சிறகடித்து எழுந்து, துண்டை உடலின் கீழே சுருட்டிப் பற்றியபடி கூட்டை நோக்கிப் பறக்கும். தென்னமெரிக்க இலைவெட்டி எறும்புகளுடன் இதனை மயங்குதல் கூடாது. அவை இலைமீது பூஞ்சணம் வளர்த்து உண்பன; இத்தேனீக்கு இலை உணவன்று, கட்டடப் பொருளே.

வெட்டப்படும் துண்டுகள் இரு வகையின. நீள்வட்டமானவை சிற்றறையின் சுவராகவும் அடியாகவும் அமைவன; வட்டமானவை மூடியாவன. பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, விளிம்புகளை மென்று பசையாக்கி ஒட்டி, கைவிரல் நுனிக்கவசம் போன்ற ஒரு கிண்ணத்தை அது சமைக்கின்றது. அதனுள்ளே மகரந்தமும் பூந்தேனும் கலந்த உணவைப் பல தடவை சென்று சேர்க்கின்றது. போதிய அளவு சேர்ந்ததும் அவ்வுணவின்மீது ஒரேயொரு முட்டையை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடிவிடுகின்றது. அம்மூடியின்மேலே அடுத்த சிற்றறை தொடங்குகின்றது. இவ்வாறு துப்பாக்கித் தோட்டாக்களை வரிசையாக அடுக்கினாற்போன்ற தொடரொன்று உருவாகின்றது.

இவ்வரிசையின் ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. உள்ளே முதலிற் கட்டப்படும் அறைகளிலே பெரும்பாலும் பெண் முட்டைகளும், வாயிலை அண்டிய அறைகளிலே ஆண் முட்டைகளும் இடப்படுகின்றன. தேனீக்களிலே கருக்கட்டிய முட்டை பெண்ணாகவும், கருக்கட்டாத முட்டை ஆணாகவும் வளரும். ஆதலின் தாய் சேமித்து வைத்த விந்தை விடுவதாலோ தடுப்பதாலோ பால் தீர்மானிக்கப்படுகின்றது. முதலில் வெளிவர வேண்டிய ஆண்கள் வாயிலருகே இருப்பதால், பின்னே உள்ள பெண்களின் அறைகளைச் சிதைக்காமல் வெளியேற முடிகின்றது.

சில நாட்களிலே முட்டை பொரித்துக் குடம்பி வெளிவந்து, தாய் வைத்த உணவைத் தின்று வளர்ந்து, பட்டுப்போன்ற உறையைத் தன்னைச் சுற்றி நெய்துகொள்கின்றது. முழு வளர்ச்சியுற்ற குடம்பியாகவே அது குளிர்காலம் முழுவதையும் கழிக்கின்றது. இளவேனிலிலே கூட்டுப்புழுவாகிக் கோடையிலே தேனீயாகி இலையுறையைக் கடித்து வெளிவருகின்றது. இதற்கிடையே தாய், முந்தைய கோடையின் இறுதியிலேயே இறந்துவிடுகின்றது. தாய் சேயைக் கண்டதில்லை; சேய் தாயை அறிந்ததில்லை. இரு தலைமுறைகளும் ஒருபோதும் சந்திப்பதில்லை.

இலையுறை பாதுகாப்பானதெனினும் முற்றும் பாதுகாப்பானதன்று. ‘சீலியோக்சிஸ்’ என்னும் சாதியைச் சேர்ந்த குயிற்றேனீக்கள் இதன் பகைவருள் முதன்மையானவை. இவை கூடு கட்டுவதில்லை. உணவு சேர்ப்பதும் இல்லை. கூர்மையான வயிற்று நுனியால் இலைச்சுவரைக் கீறி, உள்ளே தமது முட்டையை இடுகின்றன. அதிலிருந்து வெளிவரும் குடம்பி, அரிவாள்போன்ற தாடைகளால் வீட்டுக்குரிய குடம்பியைக் கொன்று, சேர்த்துவைத்த உணவைத் தானே உண்டு வளரும். ‘உழைப்பவர், சுரண்டுபவர்’ என்ற சொற்கள் இங்கே நமது நாவில் எளிதில் எழும். அவ்வெளிமையையே நாம் ஐயுற வேண்டும் என்பதைப் பின்னர் விளக்குவேன்.

3

இத்தேனீயின் பெயர் ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கின்றது. 1670ஆம், 1671ஆம் ஆண்டுகளிலே இலண்டன் றோயல் கழகத்தின் சஞ்சிகையில், பழைய வில்லோ மரத்துள்ளே இலைகளாற் சுற்றப்பட்டுக் கிடந்த புதுமையான உறைகளைப் பற்றிக் கடிதங்கள் சில வெளிவந்தன. எட்மண்ட் கிங் என்னும் மருத்துவர் அவற்றை முதலில் விவரித்தார். அவை தேனீக்களால் ஆக்கப்பட்டவை என்பதனை விளக்கியெழுதியவர் பிரான்சிஸ் வில்லுபி (1635–1672). 1802ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தேனீக்கள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட வில்லியம் கேர்பி, அவரது நினைவாகவே இவ்வினத்துக்குப் பெயரிட்டார்.

வில்லுபி நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அக்குடும்பத்தின் செல்வத்திலே நொட்டிங்காம் பகுதியின் வொலற்றன் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கணிசமான பங்குண்டு. பிரித்தானியாவின் மிகப் பழைய இருப்புப்பாதைகளுள் ஒன்றாகக் கருதப்படும் மரத் தண்டவாளப் பாதை 1604ஆம் ஆண்டளவில் அக்கரியை ஏற்றிச் செல்லுதற்கே அமைக்கப்பட்டது. அவரது உற்ற தோழரும் ஆய்வுத் துணைவருமான ஜோன் றே (1627–1705) எசெக்ஸ் கிராமமொன்றின் கொல்லரின் மகன். 1662ஆம் ஆண்டிலே சமயச் சட்டமொன்றுக்குக் கட்டுப்பட்டு உறுதியளிக்க மறுத்தமையாற் கேம்பிரிட்ஜிலே தாம் வகித்த பதவியை இழந்தவர். வில்லுபி தமது மரண சாசனத்திலே றேக்கு ஆண்டொன்றுக்கு 60 பவுண் வழங்குமாறு எழுதிவைத்தார். றேயின் மறைவுக்குப் பின் 1710ஆம் ஆண்டு வெளிவந்த ‘பூச்சிகளின் வரலாறு’, வில்லுபியின் அவதானிப்புக்களையும் உள்ளடக்கியது. சுரங்கத் தொழிலாளர் நிலத்தின் கீழே செலவிட்ட நாட்களே நிலத்தின் மேலே ஒருவர் தேனீயை நோக்கியிருக்கும் ஓய்வைத் தந்தன என்று கூறுவது மிகையன்று.

இதனை இயந்திரப் பாங்காக விளங்கிக்கொள்ளலாகாது. நிலக்கரியின் இலாபத்தால் அவதானிப்பு சாத்தியமாயிற்று என்பதனால் அவதானிப்புப் பொய்யாகிவிடாது. வில்லுபி கண்டது உண்மை. இன்றும் எவரும் சரிபார்க்கத்தக்க உண்மை. அறிவு தோன்றும் சூழல் வேறு. அதன் புறநிலை உண்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவோர் மார்க்சியத்தை வாய்பாடாகச் சுருக்கிவிடுகின்றனர். ஆயினும் சூழலை மறந்துவிடின், யாருக்கு அவதானிக்கும் வாய்ப்பு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்ற வினாவும் மறைந்துவிடும்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் றேமூர் 1742ஆம் ஆண்டு வெளியிட்ட பூச்சிகள் பற்றிய நூற்றொகுதியின் ஆறாம் பாகத்திலே இடம்பெறும் நிகழ்ச்சியொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 1736ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, றூவான் நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே மண்ணைக் கொத்திய தோட்டக்காரர் ஒருவர், இலைகளாற் சுருட்டப்பட்ட உருளைகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டார். இயற்கையாக அவை அவ்வாறு அமைந்திருக்க முடியாது. யாரோ தமது எசமானரின் குடும்பத்தை அழிக்கச் சூனியம் செய்து புதைத்திருக்கின்றனர் என்று அவர் அஞ்சினார். ஊர்ப் பாதிரியாரிடம் காட்டினார். பாதிரியாரும் அவ்வச்சத்தைப் பகிர்ந்துகொண்டு, உடனே பாரிசுக்குச் சென்று எசமானருக்கு அறிவிக்குமாறு கூறினார். எசமானர் அவரை நொலே என்னும் விஞ்ஞானியிடம் அழைத்துச் சென்றார். நொலேயின் வழியாக உருளைகள் றேமூரிடம் சென்றன. றேமூர் அவை பூச்சியின் வேலையெனக் கூறி, ஓர் உருளையைத் திறந்து உள்ளேயிருந்த குடம்பியை எடுத்துக் காட்டியதும் தோட்டக்காரரின் முகத்திலே நிம்மதி பிறந்தது.

இக்கதை பெரும்பாலும் அறியாமையின்மீது விஞ்ஞானம் பெற்ற வெற்றியாகவே எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அது உண்மையே. ஆனால் அது முழு உண்மையன்று. கூட்டைக் கண்டெடுத்தவர் தோட்டக்காரர். மண்ணிலே இலை அவ்வாறு கிடத்தல் வழமைக்கு மாறானது, அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும் என முதலில் உணர்ந்தவரும் அவரே. அவருடைய கை மண்ணிலே வேலை செய்த கை. அதனாலேயே அவரது கண் கண்டது. அவருக்கு இல்லாதிருந்தது கூர்மையன்று. கல்வியும் கருவியும் ஓய்வுமே. அவருக்குக் கிட்டிய விளக்கம், அவரது சமுதாயம் அவருக்கு வழங்கியிருந்த விளக்கம். இனத்தின் பெயரிலே சுரங்க உரிமையாளரின் மகன் நிலைபெற்றுவிட்டார். இக்கதையிலே தோட்டக்காரருக்குப் பெயரில்லை.

பெயரிட்ட கேர்பியும் ஒரு மதகுருவே. அவருக்குத் தேனீயின் திறன் படைத்தவனின் அறிவுக்குச் சான்று. அவருடன் இணைந்து 1815ஆம் ஆண்டு முதல் பூச்சியியல் அறிமுக நூலொன்றைப் பல பாகங்களாக வெளியிட்ட வில்லியம் ஸ்பென்ஸ், பொருளியலாளராகவும் விளங்கியவர் என்பது சுவையான செய்தி. வணிகமின்றியே பிரித்தானியா செழிக்கும், செல்வத்தின் ஊற்று வேளாண்மையே என அவர் 1807ஆம் ஆண்டு எழுதிய நூலுக்கு மறுப்பாகவே ஜேம்ஸ் மில் அடுத்த ஆண்டிலே வணிகத்தை ஆதரித்து நூல் எழுதினார். தேனீயியலும் அரசியற் பொருளாதாரமும் ஒரே மேசையிலே எழுதப்பட்ட காலம் அது.

4

இனி மார்க்சின் கட்டடக் கலைஞருக்கு வருவோம். இலைவெட்டித் தேனீயின் மூடி, மார்க்ஸ் சுட்டிய வேறுபாட்டுக்குக் கடினமான சோதனையாக அமைகின்றது. தேன்கூட்டுத் தேனீ மெழுகறையைக் கட்டும்போது அறை அதன் முன்னாலேயே இருக்கின்றது. தொட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இலைவெட்டித் தேனீயோ கூட்டிலிருந்து அப்பாலுள்ள செடியொன்றில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றறையின் வாய்க்குப் பொருந்துமாறு வட்டத்தை வெட்டுகின்றது. அளவு எங்கே இருக்கின்றது? பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பாப்ர் (1823–1915) இவ்வினாவை ஆழ்ந்து எழுப்பியவர். அவரது விடை இயல்பூக்கம் என்பதாகும். அதுவும் மாறாத, என்றைக்குமாக வழங்கப்பட்டுவிட்ட இயல்பூக்கம். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை.

இன்று நாம் இதனை வேறு வகையில் விளங்கிக்கொள்ளலாம். முதலாவதாக, மூடிகள் அச்சிற் போட்டாற்போலப் பொருந்துவனவல்ல. சற்றுப் பெரியதன் விளிம்பு மடங்குகின்றது. ஒன்றன்மேலொன்றாகப் பல இடப்படுகின்றன. மெல்லப்பட்ட விளிம்பு இடைவெளியை அடைக்கின்றது. இரண்டாவதாக, சுரங்கத்தைத் தோண்டியதோ தெரிந்தெடுத்ததோ அதே உடல். வட்டத்தை வெட்டியதும் அதே உடல். உடலே இரண்டுக்கும் பொது அளவுகோல். மூன்றாவதாக, இச்செயல் முற்றும் மாறாததன்று. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, கனடாவின் ரொறன்ரோ நகரிலே இதே சாதியைச் சேர்ந்த இரு இனங்கள் கூட்டிலே பிளாஸ்ரிக்கைப் பயன்படுத்தியிருந்தமையை வெளிப்படுத்தியது. அவற்றுள் ஒன்று இலைக்குப் பதிலாகப் பொலித்தீன் பைகளை வெட்டிச் சிற்றறை சுற்றியிருந்தது. இயல்பூக்கம் என்பது பூட்டிய இயந்திரமன்று. சூழலோடு ஊடாடும் நெகிழ்ச்சியுடையது.

அங்ஙனமாயின் மார்க்ஸ் வகுத்த கோடு அழிந்துவிடுகின்றதா? தேனீயின் மனத்திலே எவ்வித உருவமும் இல்லை என்று இன்று எவரும் உறுதியாகக் கூறத் துணியார். 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றிலே, பம்பிள் தேனீக்கள் நூலை இழுத்து உணவு பெறக் கற்றமையும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றமையும் காட்டப்பட்டன. ஆகவே தனி விலங்கின் மூளைக்குள் மட்டும் அவ்வேறுபாட்டைத் தேடுவோமாயின், ஒவ்வொரு புதிய பரிசோதனையும் நம்மை ஓரடி பின்வாங்கச் செய்யும்.

மார்க்சின் கூற்றை அதன் முழுச் சூழலிலும் வைத்து நோக்குதல் வேண்டும். அதே இயலிலே அவர் உழைப்பின் கருவிகளைப் பற்றியும், முன்னைய உழைப்பின் விளைபொருள் அடுத்த உழைப்பின் சாதனமாவதைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றார். மனித உழைப்பின் தனித்தன்மை ஒருவரது கற்பனையிலே தொடங்கினும் அங்கே முடிவதில்லை, அது கைமாறுகின்றது. கொல்லர் செய்த மண்வெட்டியைத் தோட்டக்காரர் பெறுகின்றார். வில்லுபி எழுதியதைக் கேர்பி படிக்கின்றார். இலைவெட்டித் தேனீயின் தாய் தன் சேய்க்கு உணவை விட்டுச் செல்கின்றது. உறைவிடத்தை விட்டுச் செல்கின்றது. கருவியையோ, கற்றதையோ விட்டுச் செல்வதில்லை. தலைமுறைகள் சந்திக்காத இடத்திலே மரபு தோன்ற முடியாது. ஒவ்வொரு பெண்ணும் முதலிலிருந்தே தொடங்குகின்றது. ஈயோசீன் காலத்துப் படிவ இலைகளிலே, மூன்று கோடியே நாற்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டனவற்றிலே, இத்தகைய வட்ட வெட்டுக்கள் காணப்படுகின்றன. அவ்வெட்டுக்கும் இன்றைய ரோசா இலையின் வெட்டுக்கும் இடையே வேறுபாடு காணல் அரிது. இது கூர்ப்பின் வரலாறு, சமுதாய வரலாறன்று. மோசமான கட்டடக் கலைஞனைச் சிறந்த தேனீயிலிருந்து பிரிப்பது அவனது தனித்திறமையன்று. அவனுக்குப் பின்னால் நிற்கும் மனிதகுலத்தின் திரண்ட உழைப்பேயாகும்.

5

இவ்விடத்திலே எதிர்த்திசையிலுள்ள தவறொன்றையும் சுட்டுதல் அவசியம். தேன்கூடு முடியாட்சிக்கு உவமையாயிற்று என்றால், தனித்து உழைக்கும் இலைவெட்டித் தேனீயைத் தன்முயற்சியால் உயர்ந்த தனிமனிதனுக்கு உவமையாக்கும் ஆசை எழுவது எளிது. யாரையும் சாராது தன் வீட்டைத் தானே கட்டும் ‘பூச்சியுலக றொபின்சன் குறூசோ’வாக அதனைக் காண்பது கவர்ச்சியானதே. டானியல் டீபோவின் நாவல் 1719ஆம் ஆண்டு வெளிவந்த பின்னர், பொருளியலாளர் பலர் தனித்த மனிதனிடமிருந்தே பொருளாதாரத்தைத் தொடங்கினர். அது பூர்வீக மனிதனின் படமன்று, தோன்றிவரும் முதலாளித்துவ சமுதாயத்தின் தனிமனிதனைத் தொடக்க காலத்துக்குத் தள்ளிய படமே என்பதை மார்க்ஸ் 1857ஆம் ஆண்டுக் குறிப்புக்களிலே எடுத்துக்காட்டினார்.

டார்வினைப் பெரிதும் மதித்த மார்க்சும் எங்கெல்சும், விலங்குலகிலே போட்டியையும் தொழிற்பிரிவையும் கண்ட டார்வினியம் ஆங்கில முதலாளித்துவ சமுதாயத்தின் சாயலைக் கொண்டிருந்ததையும் கவனித்தனர். சமுதாயக் கோட்பாட்டை இயற்கைமேல் ஏற்றிவிட்டு, பின்னர் அதனையே இயற்கையின் நியதியென்று சமுதாயத்துக்குத் திருப்பிக் கொணரும் வித்தையை எங்கெல்ஸ் ‘இயற்கையின் இயக்கவியல்’ குறிப்புக்களிலே கண்டித்தார். அக்கண்டனம் முதலாளித்துவச் சிந்தனையாளருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. குயிற்றேனீயைச் சுரண்டும் வர்க்கமென்று நாம் எழுதும்போது அதே வித்தையையே செய்கின்றோம். சுரண்டல் என்பது உடைமை உறவு. அது தோன்றிய காலம் உண்டு. அது மாற்றப்படவும் கூடும். குயிற்றேனீயின் ஒட்டுண்ணி வாழ்வோ உயிரியற் கூர்ப்பின் விளைவு. முன்னையதைப் பின்னையதுடன் ஒப்பிட்டுவிட்டாற் சுரண்டலும் மாற்றவியலாத இயற்கை நியதியாகிவிடும். நல்ல நோக்கத்தோடு ஆளப்படும் உவமையும் எதிரிக்கு உதவக்கூடும் என்பதை இலக்கிய மாணவர் மறத்தலாகாது.

6

இவற்றையெல்லாம் கூறியபின், தேனீக்கும் மனித சமுதாயத்துக்கும் தொடர்பே இல்லை என்ற முடிவுக்கு வருதலும் தவறாகும். உவமைத் தொடர்பு பொய்யானது. ஆயின் பொருளியல் தொடர்பு மெய்யானது. மகரந்தச் சேர்க்கையிலே தேனீக்களுக்குள்ள பங்கு அனைவரும் அறிந்தது. அவற்றுக்கு வேண்டுவன பூக்கள் நிறைந்த நிலம், உக்கிய மரம், இலை தரும் செடிகள் ஆகிய எளிய பொருள்களே. அவற்றின் இருப்பைத் தீர்மானிப்பது இன்று நமது உற்பத்தி முறையாகும்.

1930களுக்கும் 1984ஆம் ஆண்டுக்கும் இடையிலே இங்கிலாந்திலும் வேல்சிலும் தாழ்நிலப் பழம் புல்வெளிகளிலே ஏறத்தாழ 97 வீதம் அழிந்துபோயிற்று. உழவு, இரசாயன உரம், ஒற்றைப் பயிர்ச்செய்கை ஆகியவற்றின் விளைவு அது. விதையிலேயே ஊட்டப்பட்டு மகரந்தம்வரை பரவக்கூடிய நியோனிக்கொற்றினொயிட் வகைப் பூச்சிகொல்லிகளுள் மூன்றனைத் திறந்தவெளிகளிலே பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டிலேதான் தடைசெய்தது. வில்லுபியெல்லா இன்றும் பிரித்தானியாவின் பல பகுதிகளிலே பரவலாகக் காணப்படும் இனம். அழிந்துவரும் இனமென்று அதனைக் கூறி அனுதாபம் தேடவேண்டியதில்லை. பலவகைப் பூக்களையும் நாடுவதாலும், வீட்டுத் தோட்டங்களிலும் வாழப் பழகியதாலும் அது நிலைத்துள்ளது. எனினும் அதன் வாழிடம் எவ்வளவு சுருங்கியுள்ளது என்பதை மேற்கூறிய கணக்கு உணர்த்தும்.

இதன் உறவினமான ‘மெகாகைலே றொற்றுண்டாற்றா’வின் கதை இன்னும் தெளிவானது. பழைய உலகுக்குரிய அவ்வினம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே தற்செயலாக வட அமெரிக்காவை அடைந்தது. அல்பல்பா எனப்படும் குதிரைமசால் தீவனப்பயிரின் பூவிலே மகரந்தச் சேர்க்கை நிகழ்த்துவதில் அது வல்லது எனக் கண்டதும், நூற்றாண்டின் பிற்பாதியிலே அது தொழிற்றுறையாக்கப்பட்டது. தனித்தனியே துளை தேடி வாழும் பூச்சிகள், ஆயிரக்கணக்கான துளைகள் இட்ட பலகைகளிலே நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டன. உறைகள் கலன் கணக்கிலே விலைபேசப்பட்டன. குடம்பிகளைச் சுண்ணாம்புபோல் இறுகச் செய்யும் பூஞ்சண நோயொன்று 1970களிலே தலைதூக்கி ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைகளிலே பெரும் இழப்பை ஏற்படுத்திற்று. அங்குள்ள விதை உற்பத்தியாளர் கனடாவிலிருந்து ஆண்டுதோறும் தேனீக்களை வாங்கவேண்டிய நிலை உருவாயிற்று. முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் மண்ணையும் உழைப்பாளரையும் ஒருங்கே வறிதாக்குகின்றது என்ற ‘மூலதன’ ஆசிரியரின் எச்சரிக்கையை, இவ்விடத்திலே மண்ணோடு தேனீயையும் சேர்த்துப் படிக்கலாம்.

மான்டவில்லின் கூட்டிலே தேனீ வணிகத்துக்கு உவமையாயிருந்தது. இன்று அது வணிகப் பண்டமே ஆகிவிட்டது. உவமை உண்மையாகிவிட்டதெனில், அதற்குக் காரணம் தேனீயின் இயல்பன்று. நமது சமுதாயத்தின் இயல்பு. தேனீ தன் வேலையை மாற்றவில்லை. புல்வெளியை உழுததும், உக்கிய மரத்தை அகற்றியதும், பொலித்தீனை அதன் வழியிலே எறிந்ததும் மனித உழைப்பே. மனத்திலே முன்கூட்டி எழுப்பிச் செயற்படும் ஆற்றல் நமக்கே உரியதெனப் பெருமை கொள்வோமாயின், அச்செயலின் விளைவுக்கான பொறுப்பும் நமக்கே உரியது. வரலாறு உடைய உயிரே வரலாற்றுக்குப் பதில் கூறவேண்டியதாகும்.

இலக்கிய மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலிலே தலைவன் தும்பியை விளித்து, தான் விரும்பியதைக் கூறாது தான் கண்டதைக் கூறுமாறு வேண்டுகின்றான். இயற்கையை நோக்கும் ஆய்வாளரிடம் இயற்கையும் அதனையே வேண்டுகின்றது எனலாம். அடுத்த முறை முற்றத்து ரோசாவின் இலையிலே வட்ட வெட்டொன்றைக் காணும்போது, பூச்சிகொல்லிப் போத்தலை எடுக்குமுன் சற்று நின்று நோக்குவோமாக. அச்செடியின் அருகே அன்றாடம் வேலை செய்பவர் அதனை நமக்கு முன்னரே கண்டிருத்தல் கூடும். அவரிடம் கேட்பதும், அவர் கூறுவதை அவரது பெயருடன் குறித்துவைப்பதும் நமது ஆய்வின் முதற்படியாக அமையட்டும்.